பலகைக்கு முன்னால் தொண்ணூறு விநாடி

கடைசி விசில் ஊதி முடிப்பதற்குள் மைதானமே 'ஊ'வென்று கத்த ஆரம்பித்துவிட்டது.

தோற்றுப்போன கோல்கீப்பரைப் பார்த்து அல்ல. மைக்கைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கிப் போன டிவி நிருபரைப் பார்த்து.

ரசிகர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கொசு. மனுஷன் நொந்துபோய் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துக் காதருகே வந்துவிடுவாள் என்பதால்.

அவளுக்குப் பின்னால், கழுத்தில் ஒலிப்பெட்டியும் தலையில் ஹெட்ஃபோனுமாக ஓடினார் சவுண்ட்காரர். கூட்டத்தோடு சேர்ந்து கத்த அவருக்கும் ஆசைதான். வேலை சேனலில் ஆயிற்றே, வாயை மூடிக்கொண்டார்.

இந்த சீசனில் சேனல் பண்ணிய அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சம் இல்லை. உடை மாற்றும் அறைக்குள் கேமரா. பயிற்சியாளரின் சட்டைக்குள் மைக். போன மாதம் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, மாற்று ஆளை இறக்கிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்த ஒரு வீரனிடம் பேட்டி. அந்த நேரத்தில் விழுந்த கோலை டிவி பார்த்த ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. திரையில் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அதற்காக சவுண்ட்காரரின் மச்சான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சேனலையே இவர்தான் நடத்துகிறார் என்று நினைப்பு. வீட்டுக்கு வந்தவன் அக்காவிடம் மட்டும் பேசிவிட்டு, இவரைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனான்.

இன்றைக்கு அதைவிட மோசம்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தபோது, சொந்த அணிக்காரன் மெதுவாகத் தட்டிவிட்ட பந்து, பச்சைக் குழந்தைகூட நிறுத்திவிடக்கூடிய பந்து, கோல்கீப்பரின் காலுக்கடியில் நழுவி வலைக்குள் போய்விட்டது. அதோடு கோப்பையும் போயிற்று. சவுண்ட்காரருக்கு இருபது வருஷமாக அதுதான் அணி.

தோற்றாலும் விடமாட்டார்கள். சேனல் யாரைக் கைகாட்டுகிறதோ, அவன் விளம்பரப் பலகைக்கு முன்னால் தொண்ணூறு விநாடி நின்றே ஆகவேண்டும். ஒப்பந்தம் அப்படி. நிற்காமல் போனால் அடுத்த ஆட்டத்தில் இடம் கிடையாது.

கோல்கீப்பர் வந்து நின்றான். கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஊரே பார்க்க உடைந்துவிடுவான்.

ஒளிபரப்பு வண்டிக்குள் இருந்த டைரக்டருக்கு வேண்டியதும் அதுதான். நிருபரின் காதுக்கருவியிலும் சவுண்ட்காரரின் ஹெட்ஃபோனிலும் அவர் குரல் குழைந்தது. "வீட்ல மகன் பாத்துக்கிட்டிருப்பானே, அவன் மூஞ்சியில எப்படி முழிப்பீங்கன்னு கேளும்மா. அழுதான்னா விட்றாத."

அடப்பாவி, என்று முனகிக்கொண்டார் சவுண்ட்காரர். இந்தப் பேட்டி நாசமாய்ப் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. நிருபர் மைக்கை உயர்த்தினாள்.

மைக்கிலிருந்து ஹெட்ஃபோனுக்கு ஒன்றுமே வரவில்லை.

அவள் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கோல்கீப்பர் திகைத்துப்போய் அவளையே பார்த்தான். அவள் மைக்கை நீட்டினாள். கொஞ்சம் தயங்கி அவனும் உதட்டை அசைத்தான். அப்போதும் சத்தம் இல்லை.

சவுண்ட்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. பேட்டி நாசமாய்ப் போனதில் சந்தோஷம்தான், ஆனால் அது தன் தலையில் வந்து விடியும் என்று அவர் நினைக்கவில்லை. சிக்னல் விளக்கு பச்சையாக இருந்தது. பேட்டரி முழுசாக இருந்தது. வயரை ஆட்டிப் பார்த்தார். பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். டைரக்டர் இப்போது குழையவில்லை, அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

மைதானத்தின் பெரிய திரையில் ஊமைப்படம் ஓடியது. 'ஊ' சத்தம் அடங்கியது. எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது, அது பரவி, கைதட்டலாகவே மாறிவிட்டது.

கோல்கீப்பர் மட்டும் நிறுத்தவே இல்லை. நிதானமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனான். உதட்டு நடுக்கம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

மைக்கிலேயே கோளாறோ என்று, ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கேமராவின் கண்ணில் படாமல் குனிந்தபடி கிட்டே போனார் சவுண்ட்காரர்.

மைக்கின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. கை தவறி அணைந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். இன்றைக்கும் ஒட்டினார். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவார்.

டேப் இப்போது சுருண்டு, நிருபரின் சுண்டுவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்விட்சின்மேல் அவள் கட்டைவிரல் அழுந்தியிருந்தது.

கோல்கீப்பர் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"அறுபத்தி ரெண்டு... அறுபத்தி மூணு..."

"மெதுவா எண்ணுங்க தம்பி, அவசரமே இல்ல," என்றாள் நிருபர், கேள்வி கேட்கிற அதே முகத்தோடு. "நிக்கணும்னுதான் எழுதியிருக்கு. பேசணும்னு எழுதல."

சவுண்ட்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனுக்குள் டைரக்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அவள் கைப்பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, டைரக்டரோடு பேசும் பொத்தானை அழுத்தினார்.

"என் பெட்டியிலதான் கோளாறு சார். சரி பண்ண இன்னும் அரை நிமிஷம் ஆகும்."