ஊதாச் சேலை

ஆக்கிரமிப்பு என்று ஏரிக்கரை வீட்டை அதிகாரிகள் இடித்துவிட்டதால் கிருபைமணி தார்ப்பாயில் கூடாரம் போட்டு, உள்ளே ஊதாச் சேலையைக் குறுக்கே தொங்கவிட்டிருந்தாள். "பைபிள்ல மோசே கட்டுன கூடாரத்துலயும் திரை இருந்துச்சு. அதுக்குப் பின்னால ஆண்டவர் எடம்" என்பாள். அவளைத் தவிர யாரும், கணவர் சாலமோன்கூட, அங்கே போனதில்லை. இன்று கூடாரத்தையும் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். ஒருவன் இழுத்த வேகத்தில் சேலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. சாலமோன் பதறிவிட்டார். சேலைக்குப் பின்னால், மண்தரையில், முழங்கால்கள் பதிந்த இரண்டு குழிகள் மட்டும் இருந்தன. கிருபைமணி சிரித்தாள். "சிலுவையில அவரு உயிர விட்டப்பவும் கோயில் திரை இப்படித்தான் கிழிஞ்சுது, தம்பி. இனி தடுப்பு இல்ல. நீயும் உள்ள வரலாம்." அவன் கால் எடுத்து வைக்கப் போனான். "செருப்பக் கழட்டிட்டு வா."