யாரும் ஓடாத கச்சேரி

"சார், நேத்து கரையில வாசிச்சீங்களே, அதையே இன்னிக்கு ஏரிக்குள்ள வந்து வாசிப்பீங்களா?" என்று கேட்டார் மீனவர் தருமன்.

இசையமைப்பாளர் உலகநாதனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. பொம்மைப் பியானோ, பிளாஸ்டிக் டமாரம், அழுத்தினால் கீச்சிடும் ரப்பர் வாத்து. இவற்றை வைத்து அவர் உண்டாக்கிய புதிய இசையை இன்னொரு தரம் கேட்க விரும்பிய முதல் மனிதர் இவர்தான். சென்னையில் மூன்று சபாக்களில் வாசித்திருக்கிறார். மூன்றிலும் பத்தாவது நிமிடம் சபா செயலாளரே எழுந்து ஓடிவிட்டார்.

நேற்று தோணிரேவு கிராமத்து ஏரிக்கரையிலும் அதே கதைதான். சனம் கலைந்துபோனது. தருமன் மட்டும் ஏரியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.

"இன்னிக்கேவா?"

"அந்த எடம் இன்னிக்கு எங்க முறை சார். நாளைக்குப் பக்கத்து குப்பத்துக்காரங்க வந்துடுவாங்க."

கச்சேரி கேட்பதற்குக்கூட முறை போட்டுக்கொள்கிறார்களே என்று உலகநாதன் நெகிழ்ந்துபோனார்.

"கேமராவை எடு திவ்யா," என்றார் தன் மாணவியிடம். ஜெர்மனியில் ஓர் இசை விழா. ஓர் ஆள்கூட எழுந்து போகாமல் அரை மணி நேரம் கேட்ட வீடியோவை அனுப்பினால்தான் அழைப்பு வரும். நாளை கடைசி நாள்.

படகு ஏரி நடுவில் நின்றது. இடுப்பளவுத் தண்ணீரில் பன்னிரண்டு பேர் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். கைகளைத் தண்ணீருக்குள் விட்டுத் தலைகுனிந்திருந்தார்கள்.

"கச்சேரி கேக்க இப்படியா சார் நிப்பாங்க?" என்றாள் திவ்யா.

"இதுதாம்மா உண்மையான ரசனை."

"மடியில வேணாம் சார், பலகை மேல வெச்சு வாசிங்க. அப்பதான் சத்தம் உள்ள எறங்கும்," என்றார் தருமன்.

"உள்ள எறங்கும்னு சொல்றார் பாரு." உலகநாதன் கண் கலங்கிவிட்டார்.

வாசித்தார். அரை மணி நேரம், ஒருவர்கூட நகரவில்லை. துடுப்புப் பிடித்திருந்த தருமனின் மனைவி வளர்மதி நடுவில் ஒருமுறை மட்டும் வாய் திறந்தாள். "அந்த வாத்த இன்னும் நாலு தபா அழுத்துங்க சார்."

அழுத்தினார். தருமன் போதும் என்று கை காட்டினார்.

"நான் வாசிச்சா எல்லாரும் ஓடுவாங்க தருமன்," என்றார் உலகநாதன், ரப்பர் வாத்தை மார்போடு அணைத்தபடி. "இன்னிக்குத்தான் யாரும் ஓடல."

"இன்னா சார் இப்படிச் சொல்லிட்டீங்க?" என்று தருமன் தலையசைக்க, பன்னிரண்டு பேரும் தண்ணீருக்கடியிலிருந்து வலையை ஒன்றாகத் தூக்கினார்கள். "நாங்க தகரம் தட்டி வெரட்டுனா பாதி மீனு நின்னு வேடிக்கை பாக்கும். உங்க வாசிப்புக்கு ஒத்த மடவ மீனு தாங்கல சார், அத்தினியும் உயிர் பொழைச்சா போதும்னு வலைக்குள்ள ஓடியாந்துச்சு!"