ஆறு வளையல்

"டாக்டரம்மா, இது பிட்டுங்க! வளையலையே பிட்டா மாட்டிக்கிட்டு வந்திருக்குது பாருங்க!"

பாஞ்சாலி போட்ட சத்தத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வளையல்கடை தாவூதுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் மகள் வஹிதா மட்டும் டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது.

வஹிதாவைப் போல டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளைகளின் ஞாபகசக்தியைப் பற்றி ஆராய, டாக்டர் தெரசா மதராஸிலிருந்து வந்து முகாம் போட்டிருந்தார். மேஜையில் ஆறு படம் வைப்பார். பசு, குடை, சாவி, பந்து, மரம், மீன். பிறகு மூடிவிட்டு, வரிசையாகச் சொல்லச் சொல்வார். அவ்வளவுதான்.

ஆராய்ச்சியாவது ஒன்றாவது! தாவூதுக்கு அது பரீட்சை.

"டாக்டர்கிட்ட சீட்டு வாங்கியாங்க பாய், ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துக்கறேன்" என்று தலைமையாசிரியர் ராஜப்பன் சொல்லியிருந்தார். மூன்று வருஷம் நடந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. விட முடியுமா?

திங்கட்கிழமை பாஞ்சாலியின் மகன் மாதுவின் முறை. பசு என்றான், குடை என்றான், மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வெளியே வந்த பாஞ்சாலியிடம் தாவூது மெதுவாக விசாரித்தார். அவளும் கள்ளமில்லாமல் ஆறையும் ஒப்பித்தாள்.

"எம் புள்ளைக்குத்தான் வரல. உங்க புள்ளயாவது சொல்லட்டும் பாய்."

இன்று வஹிதாவின் இடது கையில் ஆறு நிறத்தில் ஆறு வளையல். ஒவ்வொன்றாகத் தொட்டாள், ஒவ்வொரு படமாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கூட இருந்து பார்த்த பாஞ்சாலிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"மனசு வுட்டுச் சொன்னேன். கடைசியில எம் புள்ளய முட்டாளாக்கிட்டீங்களே பாய்!"

"கழட்டுங்க" என்றார் டாக்டர் தெரசா.

எத்தனையோ கைகளுக்கு நோகாமல் வளையல் போட்டுவிட்ட தாவூது, மகள் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இப்ப சொல்லும்மா வஹிதா."

அவள் வெறுங்கையைப் பார்த்தாள். அத்தாவைப் பார்த்தாள். அவர் நிமிரவே இல்லை. சிவப்பு வளையல் இருந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"பசு."

கொஞ்சம் தள்ளித் தொட்டாள். "கொடை... சாவி... பந்து..."

நின்றுவிட்டாள். பாஞ்சாலிகூட மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"மரம். மீனு!"

தாவூது கையெடுத்துக் கும்பிட்டார்.

"எழுதிக்காதீங்கம்மா. கள்ளத்தனம் பண்ணிட்டேன். அவளுக்குத் தானா ஒண்ணும் வரலீங்க. செவப்புன்னா பசு, பச்சைன்னா கொடைன்னு வூட்டுல ஒக்காந்து நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எத்தனை நாள் சொல்லிக் குடுத்தீங்க?"

"நாலு நாளுங்க."

டாக்டர் தெரசா கேள்வித்தாளை மூடிவைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் தாவூது பக்கம் தள்ளினார்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு எதையும் கத்துக்குடுக்க முடியாதுன்னு நான் படிச்ச புஸ்தகத்துல எழுதியிருக்கு. அது தப்புன்னு காட்ட ஒரு பிள்ளை கிடைக்காதான்னுதான் ஊர் ஊரா அலையறேன். நீங்க என்னடான்னா நாலே நாள்ல கத்துக்குடுத்துட்டு, கள்ளத்தனம்ங்கறீங்க! ராஜப்பன் சாருக்கு இப்பவே சீட்டு எழுதித் தர்றேன். உக்காருங்க பாய். முதல் வளையல்லேருந்து சொல்லுங்க."

தாவூது மேஜையிலிருந்த சிவப்பு வளையலை எடுத்தார்.

பாஞ்சாலி மாதுவை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவன் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பாய்... இந்தக் கைக்கு ஆறு வளையல் எடுங்க."