ஐஸ் சத்தம்

சாத்திய கதவுக்குப் பின்னால் ஐஸ் குலுங்கும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்த லாரி டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐந்து. பக்கத்தில் ஏழு வயது மகள், வெந்நீர் கொட்டிய காலை நீட்டியபடி.

ஒன்பதுக்குக் கட்டு மாற்ற வேண்டும். ஆனால் நாலு நாளாக அந்த நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்துத்தான் குழந்தையை உள்ளே கூப்பிடுகிறாள். அதுவரை ஐஸ் சத்தம்.

அதற்கு முன், முதல் நாள் கட்டு மாற்றியபோது மகள் போட்ட அலறல் தெருவரை கேட்டது. மறுநாளிலிருந்து மூச்சுவிடவில்லை. நர்ஸ் மிரட்டி வைத்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது.

நேற்று புகார்ப் பெட்டியில் ஒரு தாளைப் போட்டிருந்தார். ‘பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டு ஊழியர் ஜூஸ் குடிக்கிறார். இப்படிக்கு, ஒரு தகப்பன்.’ பெயர் போடவில்லை. நாளைக்கும் அவளிடம்தானே வர வேண்டும்.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சிவந்த விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“உங்க கையெழுத்து புரியுமா சார்?”

“புரியும்.”

“பாப்பாவோட உள்ள வாங்க. யாரோ ஒரு மகராசன் என்மேல புகார் எழுதிப் போட்டிருக்கார். பத்து மணிக்குள்ள விளக்கம் தரணுமாம். தராட்டி வேற வார்டுக்கு மாத்திடுவாங்க. எனக்கு விரல் மரத்துப்போய் பேனா பிடிக்க வரல.”

அவள் மறுபடி ஐஸ் போட்ட பாத்திரத்தில் மணிக்கட்டுவரை கைகளை விட்டுக்கொண்டாள். சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

‘காயத்தின்மேல் தடவும் புது ஜெல் உடம்புச் சூட்டில் இறுகும், குளிரில் இளகும். குளிர்ந்த நீரை ஊற்றிக் கழற்ற வேண்டும் என்பது விதி. ஊற்றினேன். குழந்தை அலறியது. ஐஸ் பை வைத்தால் பாரம் தாங்கவில்லை. எனவே என் கைகளைக் குளிரவைத்து, கையுறை மாட்டி, காயத்தை மெல்லப் பொத்தி ஜெல்லை இளக்கி எடுக்கிறேன். கை குளிரப் பதினைந்து நிமிடம் ஆகிறது. காலதாமதத்துக்கு வருந்துகிறேன்.’

பேனா நின்றது.

“சீக்கிரம் எழுதுப்பா,” என்றாள் மகள். “ஐஸ் உருகிட்டா ஐஸ் அத்தை கை சூடாயிடும்.”

“அவ்வளவுதான் சார். கீழ என் பேரைப் போட்டுடுங்க.”

போட்டார். அதற்கும் கீழே, கேட்காமலே, ஒரு வரி சேர்த்தார்:

‘எழுதியது, அதே தகப்பன்.’