வாசலில் நுழையாத மேசை

“வாசக்கால அளக்கத் தெரியாதவன்லாம் டேபிள் செய்யக் கெளம்பிட்டான்!”

சிவப்பிரகாசம் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பணி ஓய்வு பெற்றாயிற்று. இன்று மதியத்துக்குள் சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். கட்டில், பீரோ எல்லாம் வேனில் ஏறிவிட்டன. சாப்பாட்டு மேசை மட்டும் எந்தப் பக்கம் சாய்த்தாலும் வாசல் நிலையில் இடித்தது.

மூன்று வருடங்களுக்கு முன் மகன் அன்புச்செல்வன் இதே ஹாலில் உட்கார்ந்து செய்தது. பலாப் பலகை, இரும்புக் குழாயில் கால்கள், நடுவில் குறுக்காக ஒரு பட்டை, சுரங்கத்தில் நிலக்கரி சுமந்த பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர்.

“முப்பது வருசம் மைன்ஸ்ல பெல்ட்டையே பாத்துகினு கெடந்தேன். சோறு துன்ற எடத்துலயும் பெல்ட்டா?” என்று அன்றே சிரித்தார். வருகிறவர்களிடமெல்லாம், “கதவுல நுழையாத டேபிள், எம்புள்ள செஞ்சது” என்று சொல்லிக் காட்டினார். அவன் வடலூரில் பட்டறை போட்டுக்கொண்டு போய்விட்டான்.

“வந்துகினு இருக்கானாம். அதுவரைக்கும் டேபிளத் தொடாதீங்கன்னு கெஞ்சுறான். நீங்களே பேசுங்க.” மனைவி அமிர்தம் போனை நீட்டினாள்.

“அப்பா, நடுவுல அந்த ரப்பரு இருக்குதில்ல…”

“உன் ரப்பர் பெருமைய அப்புறம் கேக்குறேன்.” கட் செய்தார்.

வேன்காரர் எட்டிப் பார்த்தார். “சார், எனக்கு சேத்தியாத்தோப்புல இன்னொரு லோடு இருக்குதுங்க.”

“அமிர்தம், மூலையில கெடக்குற அந்த ரம்பத்த எடு.”

“ஐயோ, புள்ள செஞ்சதுங்க!”

“அதுக்குன்னு இங்கயே வுட்டுட்டுப் போவச் சொல்றியா? தெனம் அதுலதான துன்றேன். ரெண்டா அறுத்து எடுத்துகினு போயி, புது வூட்டுல சேத்து ஆணி அடிச்சிக்கலாம்.”

ரப்பரில் ரம்பம் சிக்கும். அதனால் அதை விட்டு ஒரு சாண் தள்ளி அறுத்தார். மஞ்சள் மரத்தூள் தரையெங்கும் கொட்டியது. மேசை இரண்டாகச் சாய்ந்த நேரம், வெளியே பைக் வந்து நின்றது.

அன்புச்செல்வன் உள்ளே வந்தான். அறுபட்ட விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

“என்னடா, சண்டைக்கு வந்தியா?”

“இல்லப்பா.”

குனிந்து ரப்பர் பட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அது உரிந்து கையோடு வந்தது. அடியில் இரண்டு பலகைகள் சேரும் இடம். அங்கே வரிசையாக நான்கு போல்ட்டுகள்.

“குவார்ட்டர்ஸ்னா என்னிக்காவது காலி பண்ணணுமேன்னுதான்ப்பா…” பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தான்.

போல்ட்டுகளைக் கழற்றி முடித்ததும், அறுபடாத பாதியின் ஒரு முனையை அவன் தூக்கினான். மறுமுனையைச் சிவப்பிரகாசம் பிடித்துக்கொண்டார். இருபுறமும் ஒரு விரல் இடைவெளி விட்டு, எங்கும் இடிக்காமல் அது வாசலைத் தாண்டியது.