கீழ்த்தட்டு ஜாடி

சமையலறையில் அக்கா, அத்தான், நான். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தும் அக்காவின் இடது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. இப்போது விலாவில் புதிதாக ஒரு வலி. "இன்னும் வலிக்குதா?" காலையிலிருந்து இதையே கேட்கிறார் அத்தான். அவளுக்கு எட்டட்டும் என்று அவர் கீழ்த்தட்டில் இறக்கிவைத்த கண்ணாடி ஜாடியை எடுத்து அவர் தலையைப் பார்த்து வீசுகிறாள். சுவரில் வெடித்த சில்லுகள் வெயிலில் மின்னிக்கொண்டு அவர் தோளில் கொட்டுகின்றன. காதோரம் இரத்தம் வழிகிறது. "இன்னொரு தடவை கேளுங்க, மண்டையப் பொளக்கறேன்." அத்தான் இரத்தத்தைத் துடைக்கவில்லை. "இடது கைடி அது. மேல தூக்கிட்டியே." "குறிதான் இன்னும் தேறல," என்கிறேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நிற்கிறது. விரல்கள் தாமாக விலாவுக்குப் போய், கட்டி இருக்கிறதா என்று அழுத்தித் தேடுகின்றன. நாங்கள் பார்ப்பதைக் கண்டதும் குளியலறைக்குள் போய்க் கதவை அறைந்து தாழிடுகிறாள்.