செருமல்

குளியலறைக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு குடும்பமே காத்திருந்தது.

மானக்கேடு என்றால் இதைவிட வேறு வேண்டுமா? மகள் கதவில் காதை ஒட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்ச் சொம்போடு தயாராக நின்றாள். கணவர் கூடத்துக்கும் கதவுக்கும் நடுவே நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது. வைரஸ் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஆனால் உடம்பு வறண்டு கிடக்கிறது, நேற்றிலிருந்து சிறுநீரே போகவில்லை. சாயங்காலத்துக்குள் போனால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் ஆஸ்பத்திரிப் படுக்கை, கையில் ஊசி, டிரிப்ஸ்.

ஊசி என்றாலே அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியைக் காய்ச்சல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது.

தாகமே எடுக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். அவளுக்குத் தாகம் எடுத்தே வருஷக்கணக்காகிறது.

துணிக்கடையில் மீட்டர் துணிப் பிரிவில் நிற்கிறவள் அவள். நிற்கிறவள் என்றால் நிற்கிறவள்தான். உட்கார அங்கே ஒரு முக்காலிகூடக் கிடையாது. கவுண்டரில் தண்ணீர் வைக்கக் கூடாது, துணி நனைந்துவிடும். கழிப்பறை மேலே, கடைசி மாடியில். சாப்பாட்டு நேரம் தவிர யாராவது அந்தப் படிக்கட்டுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்கும்.

மேற்பார்வையாளரின் செருமல். பாவம், அவர் யாரையும் திட்டமாட்டார். வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வராது. தொண்டையை இரண்டு தடவை செருமுவார், அவ்வளவுதான். கால்கள் தாமாகக் கவுண்டருக்குத் திரும்பிவிடும்.

குடித்தால்தானே போக வேண்டும்? அந்தத் தளத்துப் பெண்கள் எல்லோரும் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது. காலையில் வாயை நனைத்துக்கொண்டு கிளம்புவார்கள், வீடு திரும்பித்தான் குடிப்பார்கள். சட்டைத்துணி கவுண்டர் அக்காவுக்கு அப்படித்தான் சிறுநீரகத்தில் கல் வந்தது. கடை கொடுத்த போனஸ் என்று சொல்லி அவளே சிரித்தாள். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகும் ஒருத்திகூட ஒரு வாய் கூடுதலாகக் குடிக்கவில்லை.

அப்படிப் பழகிய உடம்பு. காய்ச்சல் கொதித்தபோதும் அது தண்ணீர் கேட்கவில்லை. ஊசிக்குப் பயந்து ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தாள். போன வழியே திரும்பி வந்துவிட்டது.

பிறகுதான் நாத்தனார் களத்தில் இறங்கினாள். ஒரு ஸ்பூன் கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். அவள் முகத்தைத் திருப்பினால் ஸ்பூனும் கூடவே திரும்பியது.

"கைக்குழந்தைகூட இவ்வளவு அடம் பிடிக்காது அண்ணி. ஆ காட்டுங்க."

ஆ காட்டினாள். மத்தியானம் முழுக்க ஆ காட்டினாள். ஸ்பூன் கணக்கு மடக்குக் கணக்காக மாறியது. குடித்தது வயிற்றில் தங்கியது.

இப்போது வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் ஏதோ கனத்தது. வருகிற மாதிரி இருந்தது.

கதவுக்கு வெளியே கணவர் செருமினார். இரண்டு தடவை.

அவள் உடம்பு அப்படியே இறுகிப்போனது. வர இருந்ததும் நின்றுவிட்டது.

அவளுக்குக் கோபம் வந்தது. அடித்துப் போட்ட மாதிரி கிடந்த உடம்பில் இவ்வளவு கோபம் எங்கே மிச்சமிருந்ததோ தெரியவில்லை. இது என் வீடு. என் வயிறு. இங்கேயுமா?

கண்களை மூடிக்கொண்டாள். பல்லைக் கடிப்பதை விட்டாள். தோள்களைத் தளர்த்தினாள். செருமினால் செருமிக்கொண்டு போகட்டும்.

வந்தது.

முதலில் சொட்டுச் சொட்டாக, எரிச்சலோடு. அப்புறம் தாராளமாக. எந்தக் கச்சேரியையும் அவள் இவ்வளவு ரசித்துக் கேட்டதில்லை.

"அம்மா ஜெயிச்சாச்சு!" என்று மகள் வெளியே கத்தினாள். நாத்தனார் ஸ்பூனால் சொம்பில் தாளம் போட்டாள்.

அவள் கதவைத் திறந்தாள். தலை நிமிர்ந்திருந்தது. கோப்பை வாங்க மேடையேறுகிறவள்கூட அப்படி நடந்திருக்க மாட்டாள். கணவருக்குக் கண் கலங்கியிருந்தது. இந்த ஒரு சத்தத்துக்காக அவர் வேண்டாத தெய்வமில்லை.

நாத்தனாரின் கையிலிருந்து சொம்பை வாங்கினாள். கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக ஒரு மடக்கு குடித்தாள்.

"திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுவேன் சார். கவுண்டர்ல தண்ணி பாட்டில் வெச்சுக்குவேன். வேணுங்கிறப்போ மேல போயிட்டு வருவேன். நான் மட்டுமில்ல, எல்லாரும்."

வீட்டில் அவள் அவரை ஒருநாளும் சார் என்று கூப்பிட்டதில்லை. அது கடைக்கு மட்டும் உள்ள பேச்சு. பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அங்கே அவள் நகர்ந்தால் மட்டும் அவர் ஒரு செருமல் கூடுதலாகவே செருமுவார்.

இப்போதும் அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. செருமல் ஒன்று கிளம்பி வருவது அவளுக்குத் தெரிந்தது. சொம்பைக் கீழே இறக்காமல் காத்திருந்தாள்.

அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

"பாட்டில் மூடி மட்டும் இறுக்கமா இருக்கட்டும்," என்றார்.